அறுவடைக்கும் சீசன் வாடகையா?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் விலை ஏறும். மற்ற மாதங்களில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் லாட்ஜ் அறைக்கு, ஆடி மாதச் சனி ஞாயிறுகளில் சொன்னதுதான் வாடகை. சாரல் விழுகிறது, மெயினருவியில் தண்ணீர் கொட்டுகிறது, கூட்டம் வருகிறது, வாடகை ஏறுகிறது. இதை யாரும் பெரிய அநியாயமாக நினைப்பதில்லை. கட்டுப்படியாகவில்லை என்றால் குளித்துவிட்டு அன்று ராத்திரியே பஸ் ஏறி ஊர் திரும்பிவிடலாம்.

அதே தண்ணீர்தான் சிற்றாறாக இறங்கி இலஞ்சி, தென்காசி என்று வயல்களுக்குப் பாய்கிறது. அங்கேயும் ஒரு சீசன் உண்டு. நெல் முற்றி அறுப்புக்கு நிற்கும் பத்துப் பதினைந்து நாட்கள். அந்த நாட்களில் அறுவடை இயந்திரமும் லாட்ஜ் அறை மாதிரிதான். கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் சொன்னதுதான் வாடகை. ஆனால் ஒரே ஒரு வித்தியாசம். முற்றிய நெல்லை வயலில் விட்டுவிட்டு யாரும் பஸ் ஏறிப் போய்விட முடியாது.

பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. விவசாய இயந்திரம், வாடகை, மானியம் என்று பேசும் எல்லோரும் "மணிக்கு எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. "முதலில் யார் வயலுக்கு வண்டி போகும்? அதை முடிவு செய்வது யார்?"

ஒண்ணே முக்கால் ஏக்கர் கணக்கு

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரரின் சராசரி நிலம் 0.75 எக்டேர். ஏக்கரில் சொன்னால் ஒண்ணே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் ஐந்து ஏக்கருக்குள் இருக்கும் சிறு, குறு விவசாயிகள். இந்தச் சராசரி நிலமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வாய்க்கால் ஓரம் நாற்பது சென்ட், குளத்துக்குக் கீழே அறுபது சென்ட் என்று அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும்.

இந்த நிலத்தை வைத்துக்கொண்டு யாரும் சொந்தமாக டிராக்டர் வாங்க முடியாது. வாங்கினால் வருடத்தில் முக்கால்வாசி நாள் அது நிழலில்தான் நிற்கும். தவணை மட்டும் நிற்காது. அறுவடை இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருபது லட்சத்துக்கு மேல் போகும் வண்டியை ஒண்ணே முக்கால் ஏக்கர்க்காரர் வேடிக்கைதான் பார்க்கலாம்.

மாடு கட்டி உழுத காலம் போய்விட்டது. அறுப்புக்கு ஆள் வரிசையாக நின்ற காலமும் போய்விட்டது. ஆண்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போகிறார்கள். கடையம், ஆலங்குளம் பக்கம் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அறுப்புக்கூலி நிச்சயமாகக் கிடைப்பது வருடத்தில் சில நாட்கள்தான். அடுப்பு எல்லா நாளும் எரிய வேண்டுமே!

ஆக, சிறு விவசாயிக்கு மிச்சமிருக்கும் வழி வாடகை மட்டும்தான். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், புல்டோசர், அறுவடை இயந்திரம் ஆகியவற்றைத் தானே வைத்து வாடகைக்கு விடுகிறது. கலப்பையோடு டிராக்டருக்கு மணிக்கு 500 ரூபாய் என்று அத்துறை நிர்ணயித்த வாடகை, வெளியில் கேட்கும் வாடகையை விடக் குறைவு. முன்பதிவு செய்ய இ-வாடகை என்று ஒரு செயலியும் வந்தது.

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15ல் தொடங்கியது. அதன்கீழ் தனிநபர் 10 லட்சம் ரூபாய்க்கு வாடகை மையம் வைத்தால் 40 சதவீதம், அதாவது 4 லட்சம் மானியம். குறிப்பிட்ட கிராமங்களில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து இயந்திர வங்கி அமைத்தால் 80 சதவீதம், அதாவது 8 லட்சம் வரை மானியம்.

தமிழ்நாடு அரசு 2017-18ல் கூட்டுப் பண்ணையத் திட்டம் கொண்டு வந்தது. இருபது விவசாயிகள் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள், அதாவது நூறு பேர் சேர்ந்தால் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. அந்த நூறு பேருக்கும் பொதுவாக இயந்திரம் வாங்கிக்கொள்ள 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி.

தனியாரும் சும்மா இருக்கவில்லை. ஊரடங்கு நேரத்தில், 2020லும் 2021லும், டாஃபே நிறுவனம் தமிழ்நாட்டில் இரண்டு ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு இலவசமாகவே டிராக்டர் உழவு செய்து கொடுத்தது.

இவ்வளவும் இருக்கிறது. பிறகு எங்கே இடிக்கிறது?

வரிசையில்தான் இடிக்கிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் கொண்ட குழு. ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்றால் மொத்தம் 200 ஏக்கர். 5 லட்சத்துக்கு அறுவடை இயந்திரம் வராது. ஒரு பவர் டில்லரும் வேறு சில கருவிகளும் வரும். பவர் டில்லர் ஒரு நாளைக்கு இரண்டு ஏக்கர் தொழி அடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 200 ஏக்கர் முடிக்க நூறு நாள் ஆகும். நாற்று நூறு நாள் காத்திருக்குமா? அதற்குள் பயிரே கதிராகிவிடும்.

சரி, எப்படியோ ஓர் அறுவடை இயந்திரமே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஓர் ஏக்கர், நாளைக்கு எட்டு ஏக்கர் என்றால் 200 ஏக்கருக்கு இருபத்தைந்து நாள். முதல் நாள் வண்டி இறங்கிய வயலுக்கும் கடைசி நாள் இறங்கும் வயலுக்கும் நடுவில் இருபத்தைந்து நாள். கார் சாகுபடி அறுப்பு என்றால் புரட்டாசி, ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும் நேரம். ஒரு மழை அடித்தால் பயிர் சாயும். இரண்டு மழை அடித்தால் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட வேண்டும்.

அதாவது வரிசையில் முன்னால் நிற்பதே ஒரு சொத்து. வாடகையில் மிச்சமாகும் நூறு இருநூறு ரூபாயை விட, மூன்று நாள் முன்னால் வண்டி வருவது பெரிய காசு. அந்தச் சொத்தை யாருக்குக் கொடுப்பது என்று எந்தத் திட்டத்தின் மானியமும் தானாக முடிவு செய்துவிடாது. செயலியும் முடிவு செய்யாது. செயலி முன்பதிவைச் சுலபமாக்கும், தாலுகா ஆபீஸ் அலைச்சலைக் குறைக்கும், நல்லதுதான். ஆனால் ஒரே வாரத்தில் ஊரே கேட்டால், செயலி ஒரு வண்டியைப் பத்து வண்டியாக்க முடியாது.

ஆக நடப்பது என்ன? வண்டிக்காரர் பக்கம் நின்று யோசித்தால் பதில் சுலபம். பத்து ஏக்கர் ஒரே வளைவாக இருப்பவர் வயலில் இறங்கினால் வண்டி காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்காமல் ஓடும். நாற்பது சென்ட்காரர் வயலில் திருப்புவதற்கே நேரம் போய்விடும். அரைமணி நேர வேலைக்காக லாரியிலிருந்து வண்டியை இறக்கி ஏற்ற வேண்டும். அதனால் முதல் வரிசை பெரிய வயலுக்கு, கடைசி வரிசை சின்ன வயலுக்கு. அதுவும் "குறைந்தது ஒரு மணி நேரக் காசு கொடுக்கணும்" என்ற நிபந்தனையோடு. அரைமணி வேலைக்கு ஒரு மணிக் காசு என்றால் ஏக்கர் கணக்கில் சின்ன விவசாயி பெரியவரைப் போல இரண்டு பங்கு கொடுக்கிறார் என்று அர்த்தம்.

இதற்கு வண்டிக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவருக்கும் வங்கித் தவணை இருக்கிறது. டிரைவர் சம்பளம், டீசல், பெல்ட் தேய்மானம் எல்லாம் இருக்கிறது. வருடத்தில் சில வாரங்கள்தான் அவருக்குச் சம்பாத்தியம். சொந்தக் காசில் வண்டி வாங்கியவர் தன் லாபத்தைப் பார்ப்பது இயற்கை.

ஆனால் 40 சதவீதமும் 80 சதவீதமும் மானியம் வாங்கிய வண்டி? அது பொதுப்பணம். சின்ன விவசாயி பெயரைச் சொல்லி ஒதுக்கிய பணம். அந்த வண்டியும் பெரிய வயலுக்கே முதலில் போகுமானால், சிறு விவசாயி தன் பெயரில் வந்த மானியத்தை அடுத்தவர் வயலில் வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் அர்த்தம். பொதுப்பணத்தில் வந்த வண்டிக்குப் பொதுவான வரிசை வேண்டும். இது சலுகை அல்ல, நியாயம்.

"துண்டு நிலத்தை விற்றுவிடலாமே!"

இந்த இடத்தில் சிலர் கை தூக்குவார்கள். "சின்ன நிலத்தில் இயந்திரம் லாபமே இல்லை. விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கட்டும். நிலம் பெரிதானால் எல்லாம் சரியாகும்" என்பார்கள். பொருளாதாரப் புத்தகத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தென்காசி, குற்றாலம் சுற்றுவட்டாரத்தில் விற்ற வயல் எல்லாம் பெரிய வயலாக மாறுகிறதா, பிளாட்டாக மாறுகிறதா என்பதை அந்த ரோட்டில் ஒரு தடவை பஸ்ஸில் போனவர்களைக் கேட்டால் போதும். வரப்பு போன இடத்தில் எல்லைக்கல் நிற்கிறது.

இன்னொன்று. இயந்திரத்துக்கு வேண்டியது பெரிய வயல், பெரிய ஆள் அல்ல. நாற்பது பேருடைய நாற்பது துண்டு வயல்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் முற்றி நின்றால், வண்டிக்கு அது ஒரே வயல்தான். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று வண்டி கேட்காது.

இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். செங்கோட்டை, புளியரை தாண்டி மலையின் அந்தப் பக்கம் இறங்கி, கேரளாவின் குட்டநாடு வரை போனால் போதும். அங்கே "பாடசேகரம்" என்பார்கள். ஒரே வரப்பு வளைவுக்குள் இருக்கும் பலருடைய வயல்களுக்கும் ஒரே சமிதி. தண்ணீர் இறைப்பது, விதைப்பது, அறுப்பது எல்லாம் சேர்ந்தே. அறுவடை இயந்திரத்தைத் தனி ஆள் தேடி அலைவதில்லை, சமிதி பேசி மொத்தமாக இறக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், அங்கே போய் இறங்கும் வண்டிகளில் பலவும் தமிழ்நாட்டு வண்டிகள். அங்கேயும் வண்டி தாமதமாகி மழையில் நெல் நனைந்த வருடங்கள் உண்டு. ஆனால் அது எல்லோருக்கும் வரும் கஷ்டம். சின்னவருக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த கஷ்டம் அல்ல.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945க்குப் பிறகு பிரான்சில் "கூமா" என்ற இயந்திரக் கூட்டுறவுகள் வளர்ந்தன. தனக்கு எவ்வளவு வேலை வேண்டும் என்பதை உறுப்பினர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த அளவுக்கேற்பப் பங்குத்தொகை கட்ட வேண்டும். 1958ல் ஜெர்மனியின் பவேரியாவில் எரிக் கயர்ஸ்பெர்கர் என்பவர் "இயந்திர வளையம்" என்ற முறையைத் தொடங்கி வைத்தார். வண்டி அவரவருக்குச் சொந்தம். ஆனால் யாரிடம் என்ன வண்டி இருக்கிறது, யாருக்கு என்றைக்கு வேண்டும் என்று பார்த்துச் சேர்த்து வைப்பதற்கு ஒரு மேலாளர். வாடகை முன்கூட்டியே பேசி வைத்தது. இரண்டிலும் முக்கியமானது இயந்திரம் அல்ல. எழுதி வைத்த ஒழுங்குதான் முக்கியம்.

தண்ணீருக்கு இருந்த புத்தி

பிரான்சும் ஜெர்மனியும் எதற்கு? ஒரு பொதுப்பொருளை முறை வைத்துப் பங்கிடுவது தென்காசிச் சீமைக்குப் புதிய வித்தை இல்லை. குளத்துத் தண்ணீரை மடை வாரியாக, முறை வைத்துப் பாய்ச்சித்தான் இங்கே நெல் விளைந்தது. குறையும் காலத்தில் யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைப் பார்க்கவும் மடையைத் திறந்து மூடவும் ஓர் ஆள் இருந்தார். அவருக்கு ஊரே சேர்ந்து நெல் அளந்தது.

அந்தக் காலம் பொற்காலம் ஒன்றும் இல்லை. நல்ல நிலம் யாருக்கு, மடைக்குப் பக்கத்து வயல் யாருக்கு என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. மடை திறந்தவர் பெரும்பாலும் நிலமே இல்லாதவர். அந்த அநியாயங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் "முறை" என்ற ஒரு சொல்லையும், முறை பார்க்க ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்ற ஒரு பாடத்தையும் அதிலிருந்து எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

தண்ணீர் போன வழியிலேயே வண்டியும் போனால் பாதிப் பிரச்சினை தீரும். முதலில் தண்ணீர் பாயும் மடையில் முதலில் நடவு. முதலில் நட்டது முதலில் முற்றும். அந்த வரிசையிலேயே மடை மடையாக அறுத்துக்கொண்டு போனால் வண்டியை ஊருக்கு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இழுக்க வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு. உள்வயல்களுக்குப் பாதை கிடையாது. பக்கத்து வயலில் பயிர் நின்றால் வண்டி உள்ளே போகவே முடியாது. வெளிவயல் அறுத்த கையோடு உள்வயலுக்கு இறங்கினால்தான் அந்தச் சின்ன விவசாயிக்கு விடிவு.

என்ன கேட்க வேண்டும்?

மானியத்தைக் கூட்டு, வாடகையைக் குறை என்று கேட்பது பழகிப்போன கோரிக்கை. அதைவிடச் செலவில்லாத, ஆனால் பலருக்குப் பிடிக்காத கோரிக்கைகள் சில உண்டு.

ஒன்று, மானியத்தில் வாங்கிய ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மடை வாரியான வரிசைப் பட்டியல் வேண்டும். அது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும். ஒரே நாளில் முற்றும் இரண்டு மடைகள் இருந்தால் குலுக்கிப் போடலாம். வரிசை தாண்டி வண்டி போனால் ஏன் போனது என்று அதே சுவரில் எழுத வேண்டும்.

இரண்டு, வாடகை மணிக்கணக்கில் இல்லாமல் பரப்புக் கணக்கில் இருக்க வேண்டும். நாற்பது சென்ட்காரர் நாற்பது சென்டுக்குக் கொடுத்தால் போதும். லாரி வாடகையை மடையில் உள்ள எல்லோரும் நிலத்துக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளலாம்.

மூன்று, இயந்திரம் வாங்கக் கொடுக்கும் பணத்தோடு, டிரைவர் சம்பளத்துக்கும் ரிப்பேருக்கும் ஷெட்டுக்கும் வழி சொல்ல வேண்டும். நூறு பேருக்குச் சொந்தமான வண்டிக்கு ஆயில் மாற்றுவது யார் வேலை? அதற்குப் பதில் இல்லாவிட்டால், வண்டி கடைசியில் தலைவர் வீட்டுத் தொழுவத்தில்தான் நிற்கும். யார் வீட்டில் நிற்கிறதோ அவர் வண்டியாகத்தான் அது போகும்.

நான்கு, குத்தகைக்குப் பயிரிடுபவரும் வரிசையில் இருக்க வேண்டும். பட்டா இல்லை என்பதால் அவர் நெல் தாமதமாக முற்றுவதில்லை.

ஐந்து, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. செங்கோட்டைப் பக்கம் கார் சாகுபடிக்குத் தொழி அடிக்கும் மாதமும், சங்கரன்கோவில் மானாவாரிக் காட்டில் விதைப்புக்கு உழும் மாதமும் ஒன்றல்ல. ஒரே மாவட்டத்துக்குள் டிராக்டரை இடம் மாற்றினாலே வருடத்தில் அதிக நாள் ஓடும், வாடகையும் தானாகக் குறையும். அதற்கு வேண்டியது புது டிராக்டர் இல்லை, ஒரு காலண்டர்.

இவை எல்லாம் பெரிய வண்டிகளுக்கு. புதர் வெட்டும் மெஷின், களையெடுக்கும் பவர் வீடர், தென்னை ஏறும் கருவி, மருந்து தெளிப்பான் போன்ற சின்னக் கருவிகளுக்கு இவ்வளவு பாடுகூட வேண்டாம். ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல, முன்பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய், துடைத்துத் திருப்பி வைக்கலாம். வரப்பில் முளைத்த சீமைக் கருவேலத்தை வெட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மெஷின் எதற்கு?

"ஊர் ஒத்துப்போகாது, சண்டை வரும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், வரும். தண்ணீருக்கும் சண்டை வந்தது. சண்டை வந்ததால்தான் முறை வந்தது. சுவரில் பட்டியல் ஒட்டினால் நான்கு பேர் நின்று சத்தம் போடுவார்கள். பட்டியல் இல்லாத ஊரில் சத்தமே இருக்காது. நாற்பது சென்ட்காரர் வரப்பில் உட்கார்ந்து, அடுத்த வயலில் ஓடும் வண்டியையும் மேற்கே கறுக்கும் மானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அமைதியை ஊர் ஒற்றுமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குற்றாலத்தில் சீசன் வாடகை இருந்துவிட்டுப் போகட்டும். அருவி அடுத்த வருடமும் விழும். அறுக்காமல் விட்ட நெல் அடுத்த வாரம் இருக்காது.